விலை குறைந்த மடக்காத கத்தி வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: மாடித்தோட்ட வேலை, கொஞ்சம் மரவேலை, எப்போதாவது மலையேற்றம். இத்தனைக்கும் சேர்த்து ஒரு மடக்காத கத்தி வேண்டும். 400 ரூபாய்க்குக் கறுப்பு நிறத்தில், முதுகில் ரம்பப்பல் வைத்து ஒன்று விற்கிறார்கள். 2000 ரூபாயை ஒட்டி சுவீடன் நாட்டு மோரா கத்தி கிடைக்கிறது. 15,000 ரூபாய்க்கு அமெரிக்கக் கத்திகளும் இருக்கின்றன. குறைந்த விலையில் வாங்கினால் பணம் வீணாகுமா?

வீணாகாது. ஆனால் எந்தக் குறைந்த விலை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விலையைக் குறைக்க வேண்டுமானால் தயாரிப்பவர் எங்கேயாவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். பிடியிலும் உறையிலும் பளபளப்பிலும் மிச்சம் பிடித்திருந்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. இரும்பிலும் அதற்குக் கொடுக்கும் சூட்டுப் பதத்திலும் மிச்சம் பிடித்திருந்தால் 400 ரூபாயும் தண்டம்தான். நீங்கள் சொன்ன முதல் இரண்டு கத்திகளும் இந்த இரண்டு வகைக்கும் சரியான உதாரணங்கள்.

முதலில் அந்தக் கறுப்புக் கத்தி. விளம்பரத்தில் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்றோ '420 ஸ்டீல்' என்றோ போட்டிருப்பார்கள். இந்த விலையில் வரும் கத்திகளில் பெரும்பாலும் 0.3 சதவீதத்தை ஒட்டிய கரிமம் உள்ள எவர்சில்வர் ரகம்தான் இருக்கும். இரும்பு கடினப்படுவதற்கு அடிப்படை கரிமம். அது குறைவாக இருந்தால் எவ்வளவு நன்றாகத் தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது) கொடுத்தாலும், கடினத்தை அளக்கும் ராக்வெல் 'சி' அளவில் 50, 52 என்று நின்றுவிடும். இந்த விலையில் தோய்ச்சலையாவது ஒழுங்காகக் கொடுத்திருப்பார்களா என்பதே சந்தேகம். வாங்கிய அன்று தாளை வெட்டும். நான்கு மூங்கில் குச்சியைச் சீவியதும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடிந்துவிடும். விரல் நகத்தை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நகம் வழுக்கிக்கொண்டு வரும், மறுபக்கம் எதிலோ மாட்டும். அந்த மாட்டல்தான் மடிந்த இரும்பு. தீட்டினால் மறுபடி கூர் வரும், மறுபடி மடியும்.

முதுகில் இருக்கும் ரம்பப்பல் மரத்தை அறுக்காது. ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்று வளைத்திருப்பார்கள். அதனால்தான் அறுத்த பள்ளத்தில் ரம்பம் சிக்காமல் ஓடுகிறது. இந்தக் கத்தியில் பல் வெறும் வெட்டுதான், வளைவு கிடையாது. இரண்டு இழுப்பு இழுத்தால் இறுகிக்கொள்ளும். அதோடு, சீவும்போது முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டிய இடத்தையும் அந்தப் பற்கள் பிடித்துக்கொள்கின்றன. பிடி உள்ளே கூடாக இருந்து, அடியில் திசைகாட்டி மூடி போட்ட ரகமாக இருந்தால் இன்னும் மோசம். பிடிக்குள் ஓடும் இரும்பு வால் அதில் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. அழுத்தினால் பிடியோடு சேரும் இடத்தில் முறியும். முறியும்போது கை எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மோரா. இது சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த வட்டாரத்தில் கத்தி செய்வது பல தலைமுறைத் தொழில். பக்கத்தில் உள்ள ஊஸ்ட்நோர் கிராமத்தில் ஃப்ரோஸ்ட் எரிக் என்பவர் அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1891-இல் மரத்தடி இழுக்கும் சறுக்கு வண்டிகளுக்கு ஒரு பட்டறை தொடங்கினார். கத்தியும் அங்கே செய்தார்கள், பிற்பாடு கத்தியே முக்கியத் தொழிலாகிவிட்டது. 1912-இல் அதே ஊரில் இன்னொரு கத்திப் பட்டறை வந்தது. இரண்டும் 2005-இல் ஒன்றாகின. அதுதான் இன்றைய மோராக்னிவ் நிறுவனம். இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், இது ஆரம்பத்திலிருந்தே தச்சர்களுக்கும் மரவெட்டிகளுக்கும் விவசாயிகளுக்கும் செய்த கத்தி. சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதுபோல அங்கே வேலைக்காரர்கள் இடுப்பில் இதை வைத்திருப்பார்கள். விலை ஏறினால் வாங்க மாட்டார்கள். அதனால் விலையைக் குறைவாக வைத்துக்கொண்டே வேலைக்குத் தேவையானதை மட்டும் ஒழுங்காகச் செய்யும் பழக்கம் அந்தத் தொழிலிலேயே ஊறிவிட்டது.

எப்படிச் சாத்தியமாகிறது? அலகைச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவதில்லை. ஸ்டீல் ஆலையிலிருந்து சுருளாக வரும் பட்டையிலிருந்து அச்சால் வெட்டி எடுக்கிறார்கள். தோய்ச்சல் உலையிலும் சாணையிலும் இயந்திரங்கள்தான். பிடியை அலகின் வாலைச் சுற்றி நேரடியாக பிளாஸ்டிக்கில் வார்த்துவிடுகிறார்கள். ஆணி, பித்தளை வளையம், மரத்தை இழைப்பது எதுவும் கிடையாது. உறையும் பிளாஸ்டிக்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எவர்சில்வர் ரகத்துக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த சாண்ட்விக் ஆலையின் 12சி27 ஸ்டீலில் கரிமம் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். அந்தக் கறுப்புக் கத்தியில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு கரிமம். பதமும் கத்திக்குக் கத்தி மாறாமல் ராக்வெல் 57-ஐ ஒட்டி வருகிறது. அந்த மாறாத தன்மைதான் இந்தக் கத்தியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது. அமெரிக்காவில் இதன் அடிப்படை ரகங்கள் 10 முதல் 20 டாலருக்குள் கிடைத்துவந்தன. இங்கே இறக்குமதி, கடை லாபம் எல்லாம் சேர்ந்து ஏறிவிடுகிறது. ஏறிய விலைக்கும் தகும் என்பதுதான் என் கருத்து.

இதன் வாய் எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்கியவர்களில் பாதிப்பேர் ஏமாறுவது இங்கேதான். நம் வீட்டுக் காய்கறிக் கத்தி முதுகிலிருந்தே சரிந்துகொண்டு வந்து மெல்லிசாகி, நுனியில் தனியாக ஒரு சின்னக் கூர்ச் சரிவோடு முடியும். மோரா அப்படி இல்லை. முதுகிலிருந்து அலகின் பெரும்பகுதி ஒரே தடிமன், கம்பேனியன் என்ற சாதாரண ரகத்தில் 2.5 மி.மீ. வாய்க்கு மேலே சுமார் அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே தட்டையான சரிவு, இரண்டு பக்கமும். அவ்வளவுதான். ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதுதான் வழக்கம் என்பதால் 'ஸ்காண்டி' வாய் என்பார்கள்.

மரம் சீவ இதைவிட வசதியானது கிடையாது. அந்தத் தட்டைச் சரிவு குச்சியின் மேல் படிந்து உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு ஆழமாகப் போக வேண்டும் என்பதைக் கோணத்தைச் சற்று மாற்றியே தீர்மானிக்கலாம். தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்கும் மூங்கிலைக் கூராக்க, மரக்கரண்டி செதுக்க, கயிறு அறுக்க, உரமூட்டையைப் பிரிக்க, தேங்காய் மட்டையில் நார் கிழிக்க எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கும்.

அதே கத்தியால் ஒரு கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பாதிவரை வெட்டும். அதற்கப்புறம் அந்த 2.5 மி.மீ. தடிமன் ஆப்பு மாதிரி நுழைந்து மீதியைப் பிளந்துவிடும். 'டக்' என்று சத்தம் கேட்கும், துண்டு பக்கத்துக்குத் தெறிக்கும், வெட்டுமுகம் பாதி வழவழப்பாகவும் பாதி சொரசொரப்பாகவும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டுக் கத்தி சரியில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சமையலுக்கு என்று செய்த கத்தி இல்லை அது. காய் நறுக்க வேண்டுமானால் விக்டோரினாக்ஸின் சின்னக் காய்கறிக் கத்தி வாங்குங்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், விலை சில நூறு ரூபாய். விலை குறைந்த மடக்காத கத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உண்மையில் அதுவும் ஒரு நல்ல உதாரணம்.

அடுத்தது பிடிக்குள் போகும் வால். இணையத்தில் இதைப் பற்றி ஓயாத சண்டை. கம்பேனியனில் வால் பிடியின் கடைசிவரை ஓடாது. பிடிக்குள் குறுகலாக இறங்கிப் பாதியைத் தாண்டி முடிந்துவிடும். 'முழு வால் இல்லையென்றால் கத்தியே இல்லை' என்பார்கள். சீவுவதற்கும் அறுப்பதற்கும் இந்த வால் தாராளமாகப் போதும். கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பது, டின் மூடியை நெம்புவது, இரண்டு பலகைக்கு நடுவே விட்டுத் திருகுவது என்றால் போதாது. மணிக்கட்டுப் பருமனுள்ள, கணு இல்லாத காய்ந்த விறகை இதிலேயே பிளந்துவிடலாம். அதற்கு மேல் கோடரி எதற்கு இருக்கிறது? கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்துகிறவர் 15,000 ரூபாய் கத்தியின் நுனியையும் முறிப்பார். நிஜமாகவே முரட்டு வேலை இருக்கிறது என்றால் 3.2 மி.மீ. தடிமனுள்ள கம்பேனியன் ஹெவி டியூட்டி இருக்கிறது. முழு வால்தான் வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது. ஆனால் அது குறைந்த விலைக் கணக்கில் வராது.

எவர்சில்வரா, துருப்பிடிக்கிற கார்பன் ஸ்டீலா? கார்பன் ஸ்டீல் சீக்கிரம் கூராகும், கூரும் நன்றாக நிற்கும் என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சுவீடனின் குளிருக்கும் சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினக் காற்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஈரத்தோடு உறையில் போட்டு ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளி விழுந்திருக்கும். மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் அலகு கருநீலமாகும். அது கெடுதல் இல்லை, பின்னால் துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும், ஆனால் நறுக்கிய துண்டில் இரும்பு வாடை ஏறும். துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி வைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டென்றால் கார்பன் வாங்கலாம். இல்லையென்றால் எவர்சில்வர். வித்தியாசம் இணையத்தில் சொல்கிற அளவுக்குப் பெரிதில்லை. எதை வாங்கினாலும் உறைக்குள் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதைத் தோட்டத்து மண் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

தீட்டுவது பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் குறைந்த விலைக் கத்தி தகுமா தகாதா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். தீட்டத் தெரியாதவர் கையில் 15,000 ரூபாய் கத்தியும் கொஞ்ச நாளில் மொட்டைதான். மோராவின் வசதி என்னவென்றால் கோணம் தேட வேண்டியதில்லை. அந்த அரை சென்டிமீட்டர்ச் சரிவைக் கல்லின் மேல் முழுசாகப் படிய வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் வேறு வேறு சொரசொரப்புள்ள கார்போரண்டம் கல் கேளுங்கள், நம்மூரில் சுலபமாகக் கிடைக்கிற சாமான். கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954-இலிருந்து சென்னையில்தான் இருக்கிறது. கல்லைத் தண்ணீரில் நனைத்து, நைசான பக்கத்தில் வாயை முன்னே வைத்து, கல்லின் மேல்தோலைச் சீவி எடுக்கப் போகிற மாதிரி தள்ளுங்கள். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் பிசிர் எழும்பும். வாயின் முழு நீளத்துக்கும் பிசிர் தட்டுப்பட்ட பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்பக்கமாக இழுத்தால் பிசிர் விழுந்துவிடும். சரியாகப் படிகிறதா என்ற சந்தேகம் இருந்தால் சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிட்டுத் தேயுங்கள். எங்கே மை போகவில்லையோ அங்கே கல் படவில்லை.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவர் தொழிலில் குறை சொல்லவில்லை, அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் பிடிக்கிற சாணை போதும். ஆனால் சுற்றுகிற கல்லில் தண்ணீர் இல்லாமல் பொறி பறக்கப் பிடிக்கும்போது வாயின் மெல்லிய நுனி பல நூறு டிகிரிக்குச் சூடாகும். இந்த மாதிரி அலகைத் தோய்ச்சலுக்குப் பின் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதம் செய்திருப்பார்கள். அதைத் தாண்டிச் சூடேறினால் நுனி இளகி மென்மையாகிவிடும், நிறம் மாறாமலேகூட. அதோடு அந்தத் தட்டைச் சரிவு உருண்டையாகிவிடும். அதற்கப்புறம் அதைக் கல்லில் படிய வைக்கச் சரிவு முழுவதையும் தேய்த்து மீட்க வேண்டும், ஒரு மதியம் முழுக்க வேலை.

உள்ளூர்க் கொல்லுப் பட்டறைக் கத்தியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்த கத்தி, மோராவைவிட மலிவு, இரும்பும் நல்ல இரும்பு. ஸ்பிரிங் பட்டையில் கரிமம் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வாயை மட்டும் தோய்த்து முதுகை இளக்கமாக விடுவதால் அடி தாங்கும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வந்தது சும்மா இல்லை. ஓங்கி வெட்டுகிற வேலைக்கு, கிளை கழிக்க, தேங்காய் உடைக்க அதை எந்த இறக்குமதிக் கத்தியும் தொட முடியாது. ஆனால் நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்து எடுக்கிற பதம் என்பதால் அடிக்கிற கையைப் பொறுத்து மாறும். ஒரே பட்டறையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கத்தி ஒரே மாதிரி இருக்காது. பதம் தெரிய வேண்டுமானால் ஒரு சின்ன அரத்தை எடுத்துப்போய், கடைக்காரர் சம்மதத்தோடு வாய்க்குப் பக்கத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல பதம். கடித்துக்கொண்டு இரும்புத்தூள் உதிர்த்தால் வேறு கத்தி எடுங்கள். மெல்லிய சீவல் வேலைக்கு அது கனமாக இருக்கும் என்பது வேறு விஷயம். தோட்டமும் கொல்லையும் பெரிதாக இருந்தால் அதை ஒன்றும் மோராவை ஒன்றும் வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. இரண்டும் சேர்ந்தாலும் 15,000-க்குக் கிட்டவே வராது.

அந்த 15,000-க்கு என்னதான் கிடைக்கிறது? பிடியின் கடைசிவரை ஓடும் தடித்த வால், தூள் உலோக முறையில் (உலோகத்தூளை இறுக்கி) செய்த, கூர் நெடுநாள் நிற்கும் ஸ்டீல், கையால் இழைத்த பிடி, நல்ல உறை. மாதக்கணக்கில் காட்டில் வேலை செய்கிறவருக்கு அந்தக் கூர் நீடிப்பது பெரிய உதவி. கல்லில் மறுபடி கூர் ஏற்ற அதே அளவு பாடுபட வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மாடித்தோட்டத்துக்கு அது அநாவசியம்.

மரவேலைதான் அதிகம் என்றால் கம்பேனியனுக்குப் பதில் மோராவின் 120 என்ற செதுக்குக் கத்தியைப் பாருங்கள். 6 செ.மீ. அளவு அலகு, மரப்பிடி. நடுவில் கடினமான கார்பன் ஸ்டீல், இரண்டு பக்கமும் இளகிய இரும்பு வைத்து அடுக்கியது. கூர் அபாரமாக நிற்கும். விரல் வழுக்காமல் தடுக்கும் மேடு அதில் இல்லை, அதனால் குத்துகிற வேலைக்கு எடுக்காதீர்கள். செடி ஒட்டுக்கட்டுவதற்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஒட்டுக் கத்தி தனியாக விற்கிறது, அதற்கு இவை எதுவும் சரிவராது.

கடைசியாக மலையேற்றம். இதைப் பெரும்பாலானவர்கள் விசாரிப்பதே இல்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் கத்திகள் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. 4 அங்குல மோரா வாங்கவும் வீட்டில் வைத்திருக்கவும் சிக்கல் இல்லை. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் 'ஆயுதம்' என்பதற்குள் கத்தியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதன் 31-வது பிரிவின்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். முதுமலை, களக்காடு, கொடைக்கானல் பக்கம் நாம் ஏறுகிற பாதைகள் பலவும் இப்படிப்பட்ட எல்லைக்குள்தான் வருகின்றன. விறகு பிளக்கவும் நெருப்பு மூட்டவும் அங்கே எப்படியும் விட மாட்டார்கள். ஆகவே மலையேற்றத்தை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கிற மாடித்தோட்டத்துக்கும் மரவேலைக்கும் எவர்சில்வர் கம்பேனியன் ஒன்று, இருபக்கக் கல் ஒன்று, இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.